பினாங்கில் அர்த்தநாரி குனிந்த நொடி

நான் இப்போது சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவரும் நம்பப்போவதில்லை. இதை நான் சத்தியம் செய்தே சொல்வேன். காவேரியை ஒரே தாவில் தாண்டினேன் என்றபோது நீங்கள் நம்பவில்லை. கொல்லிமலைக் கரடியோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டேன் என்றபோதும் நம்பவில்லை. எனக்குப் பழகிவிட்டது.

போன வாரம் ராசிபுரத்தில் நாவிதர் முன்னால் வீற்றிருந்தேன். என் திருமுகத்தில் ஒரு பாதி மழித்தாகிவிட்டது. மறுபாதி கத்திக்குக் காத்திருந்தது. அர்த்தநாரியின் தம்பி வந்து, சைக்கிளை விட்டு இறங்காமல் ஒரு காலை மட்டும் ஊன்றிக்கொண்டு, "அண்ணன் போயிட்டாருங்க மாமா" என்றான். மூன்று நாள் காய்ச்சலாம். அப்படியே எழுந்து போனேன். மறுபாதித் தாடி இன்றும் என் முகத்தில் இருக்கிறது.

அர்த்தநாரி எனக்கு உறவில் மருமகன்; வயதில் நாலே வருஷம் இளையவன். யுத்தத்துக்கு முன்னால் பினாங்கில் ஒரு ரப்பர் கம்பெனி அவனைக் குமாஸ்தா என்று சொல்லிக் கப்பலேற்றியது. மேஜை கொடுத்தார்கள், மைக்கூடு கொடுத்தார்கள். அந்த மை காய்ந்து கல்லானதுதான் மிச்சம். கம்பெனியின் கால்பந்து அணியில் ஆடுவதற்குத்தான் அவனை அழைத்துப்போனார்கள். அதே கம்பெனியின் கிடங்கில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. அவனுக்குக் காவலாகப் போனேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். அவன்தான் எனக்குக் காவல்.

சென்டர் ஹாஃப் என்பது அவன் ஆடிய இடம். கோல் போடுகிறவனுக்கு மாலை விழும், கோலைக் காக்கிறவனுக்குக் கைதட்டல் விழும், மைதானத்தின் நட்டநடுவில் நிற்கிற சென்டர் ஹாஃபுக்கு நாலு திசையிலிருந்தும் உதை விழும். நம்மவன் வெறுங்காலோடு ஆடுவான். கணுக்காலில் துணிக்கட்டு, அவ்வளவுதான். சிறுவயது முதல் நெசவுக் குழித்தறியில் உட்கார்ந்து மிதிகட்டையை மிதித்த பாதம். பந்தை எங்கே தொட்டால் எங்கே போகும் என்று அந்தப் பாதத்துக்குத் தெரியும்.

இரண்டாம் வருஷம் கோப்பைக்கான கடைசி ஆட்டம் வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியோடு என்று ஏற்பாடாயிற்று. அவர்கள் அணியில் ஒரு சிப்பாய் இருந்தான். உயரம் ஒன்பதடி. அவன் நிழலில் மூன்று மாட்டுவண்டி நிறுத்தலாம். அதற்கு முந்தைய ஆட்டத்தில் அவன் மோதி ஒருவனுக்குக் கால் ஒடிந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அன்றிலிருந்து அர்த்தநாரிக்குச் சோறு இறங்கவில்லை.

"மாமா, ஊட்டுக்குப் போயிரலாங்களா?"

"ஏன் மாப்ளே, அவனும் மனுஷன்தானே?"

"மனுஷனாங்க அவன்? பாத்தீங்கல்ல? என் கால் ஒடிஞ்சா கம்பெனிக்காரன் அடுத்த கப்பல்லயே ஏத்திருவான். ஊருக்குப் போயி தறியில உக்காரலாம்னா அதுக்கும் கால்தானுங்க வேணும். எனக்கு ரெண்டு பொழப்பும் இந்தக் கால்லதானுங்க இருக்குது."

பயந்தால் எனக்கு வாய் நீளும் என்பது உங்களுக்குத் தெரியும். அன்று சாயங்காலம் கடைத்தெருவில் போய் நின்று, "எங்கள் அர்த்தநாரி ஊரில் வெறுங்காலால் உதைத்துத் தென்னைமரத்தைச் சாய்த்தவன், அதனால்தான் அவனுக்கு பூட்ஸ் போட சர்க்காரே அனுமதிக்கவில்லை" என்று முழங்கினேன். மறுநாள் தெருவில் அது இரண்டு மரமாகியிருந்தது. ஆட்டத்தன்று அது ஒரு தோப்பு.

ஆட்டத்தன்று பிற்பகல் அந்தச் சிப்பாய் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவிழ்த்தான், இன்னும் இறுக்கிக் கட்டினான். எங்களை ஒழிக்கத்தான் தயாராகிறான் என்று நினைத்தேன். அர்த்தநாரி என் மணிக்கட்டைப் பிடித்தான். "வாரேனுங்க மாமா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

இடைவேளைக்குச் சற்று முன் பந்து நடுவில் அவனிடம் வந்தது. சிப்பாய் தோளைக் கொடுத்து மோத ஓடிவந்தான். நான் கண்ணை மூடவில்லை, மூட முடியவில்லை. அப்போது சிப்பாயின் பூட்ஸ் கயிறு 'பட்' என்று அறுந்தது.

தறிக்காரர்களே, உங்களுக்கு விளக்கவா வேண்டும்? இழை அறுந்த சத்தம் கேட்டால் நம் கால் மிதிகட்டையில் நிற்குமா? அர்த்தநாரியின் கால் நின்றுவிட்டது. நின்றது போதாதென்று, அறுந்த நுனியைத் தேட அவன் குனிந்தான். கோப்பைக்கான ஆட்டத்தின் நட்டநடுவில் குனிந்தான்! மோத வந்தவனுக்கு மோத ஆள் இல்லை. அர்த்தநாரியின் முதுகுக்கு மேலே பறந்துபோய் விழுந்தான். அடுத்து ஒரு சத்தம் கேட்டது. அது கயிறு அறுந்த சத்தம் இல்லை.

கூட்டம் கூத்தாடியது. அர்த்தநாரி புல்லில் உட்கார்ந்து சிப்பாயின் ஒடிந்த காலைத் தன் மடியில் தாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலையில் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனான். பட்டாளமே சேர்ந்து எங்களைத் தோலுரிக்கப் போகிறது என்று நான் வாசலிலேயே மூன்று முறை திரும்பி ஓடப் பார்த்தேன். ஆத்தூர்ப் பக்கத்துக் கம்பவுண்டர் ஒருவர் நடுவில் நின்று சிப்பாயின் பேச்சைத் தமிழில் சொன்னார்.

"தென்னைமரத்தையெல்லாம் உதைச்சுச் சாய்ச்ச ஆளு நீதானான்னு கேக்கறாரு. பயந்துபோய்த்தான் கயித்த அப்படி இறுக்கினாராம். பயந்துபோய்த்தான் அவ்வளவு வேகமா மோத வந்தாராம். பட்டாளம் முடிஞ்சா அவரு ஊர்ல நிலக்கரிச் சுரங்கத்துல எறங்கணுமாம். கால் கூடலன்னா எப்படி எறங்கறதுன்னு கேக்கறாரு."

அர்த்தநாரி என்னைப் பார்த்தான். "மாமா, நீங்க சொல்லுங்க."

என் வாய், அந்த மகத்தான வாய், திறக்கவில்லை. அவனே சொன்னான்: "நான் ஒரு செடியக்கூட உதைச்சதில்லைன்னு சொல்லுங்க. உங்களப் பாத்து நான்தான் மூணு நாளாச் சோறு திங்கலைன்னு சொல்லுங்க."

சிப்பாயைப் பிறகு அவன் தேசத்துக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். கால் கூடியதா என்று சொல்ல யாரும் இல்லை.

அர்த்தநாரி அதற்குப் பிறகும் மூன்று வருஷம் ஆடினான். முன்பைவிட நன்றாகவே ஆடினான். ஆனால் பந்தைப் பார்க்குமுன் எதிரே வருகிறவனின் காலைப் பார்ப்பான். கேட்டால், "வாரவனுக்கும் ஒரு ஊடு இருக்குதுங்க மாமா" என்பான். யுத்தம் வருமுன் ஊருக்குத் திரும்பித் தறியில் உட்கார்ந்தான்.

ஊரில் இந்தக் கதையை நான் எப்படிச் சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும். அர்த்தநாரி அரக்கனை வீழ்த்திய வீரன் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். நான் தொடங்கியதுமே அவன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவானே, நீங்கள் அதைக் கூச்சம் என்று நினைத்தீர்கள். ஒருமுறை வாசலில் நிறுத்தி என்னிடம் சொன்னான்: "அந்தாளு கால் கூடிருச்சான்னு தெரியாம அந்தக் கதைய முடிக்காதீங்க மாமா."

அவனிடமிருந்து நான் வைத்துக்கொள்வது, எதிரே வருகிறவனின் காலைப் பார்க்கிற அந்தப் பயத்தைத்தான். இனி வாயைத் திறக்கும்போதெல்லாம் அது இருக்கட்டும்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். கரடி பொய். ஒன்பதடி பொய், சிப்பாய் என் உயரம்தான், கொஞ்சம் ஒல்லி. கூட்டம்கூட அப்படியொன்றும் பெரிதில்லை. இத்தனையிலும் ஒரு சிறு பகுதி மட்டும் மெய்: ஒரு மனிதன் நான் சொன்னதை நம்பினான், அவன் கால் ஒடிந்தது.