கொள்ளுத்தாத்தா பெயர் என்ன?

குடும்ப வரலாற்றை எழுதி வைக்கலாம் என்று இன்று நோட்டும் கையுமாகப் பாகலூர்ப் பெரியப்பா வீட்டுக்குப் போனேன்.

"தாத்தாவோட அப்பா பேரு என்ன பெரியப்பா?"

அவர் டிவியை அணைத்தார். "நம்ம நிலத்தை வாங்கி பிளாட் போட எந்த லேஅவுட்காரன் உன்னை அனுப்பிச்சான்?"

"சும்மா எழுதி வைக்கத்தான்."

"சும்மா யாரு வம்சத்தைக் கேப்பாங்க? எந்த வக்கீலப் பாத்தே, அதைச் சொல்லு."

கடைசிவரை பெயரைச் சொல்லவில்லை.

நான் ஓசூர் பஸ் ஏறுவதற்குள் மாலூர் அத்தையிடமிருந்து போன். "பாகம் பிரிக்க லிஸ்ட் எடுக்கறியாமே? எம் பொண்ணுங்க பேரையும் சேத்துக்கோ கண்ணு."

அடுத்து சித்தப்பா. அப்புறம் நான் பார்த்தே இராத மூன்று பேர்.

அத்தனை பேரிடமும் கொள்ளுத்தாத்தா பெயரைக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

அவருடைய நிலத்தின் சர்வே நம்பர் மட்டும் எல்லோருக்கும் மனப்பாடம்.

பெயருக்கு விட்டிருந்த இடத்தில் அதையே எழுதிவிட்டேன். உங்கள் கொள்ளுத்தாத்தாவுக்காவது பெயர் இருக்கிறதா?