பூஜைக்கு வைக்காத ரப்பர்

ஆயுத பூஜையன்று என் தங்கை வீட்டுப் பூஜை அலமாரியில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பது ஓர் அழி ரப்பர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்க வைத்திருப்பார்களே, அதேதான். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்தது. இப்போது பழுப்பேறி, ஒரு மூலை தேய்ந்து, கரைந்த சோப்புத் துண்டு மாதிரி இருக்கிறது. அதற்குப் பின்னால்தான் சரஸ்வதி படம், மடிக்கணினி, மல்டிமீட்டர், மாப்பிள்ளையின் பேனா எல்லாம். மற்றவற்றுக்கு ஒரு பொட்டுக் குங்குமம் என்றால் ரப்பருக்கு மட்டும் கொஞ்சம் தாராளம். புதிதாக வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்களுக்கு விளக்கம் சொல்லும் உத்தியோகத்தை நானே எடுத்துக்கொண்டேன். இதற்காகவே அண்ணா வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான் என்று தங்கை கிண்டல் செய்வாள். இருக்கட்டுமே. தங்கையைப் பற்றிப் பெருமை பேச அண்ணனுக்கு ஒரு சாக்கு வேண்டாமா?

எண்பதுகளின் நடுப்பகுதி அது. கல்கத்தாவின் டாலிகஞ்சில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு எதிரே மெட்ரோவுக்காகத் தோண்டிய மண் மலைபோல் கிடந்தது. தங்கை எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, டல்ஹௌசியில் கம்ப்யூட்டர் விற்றுப் பழுதும் பார்க்கிற ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். சர்வீஸ் பிரிவில் அவள் ஒருத்திதான் பெண். மற்ற எஞ்சினியர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊரெல்லாம் சுற்ற, அவளுக்கு மட்டும் ஒரு போனும், ஒரு தட்டு நிறைய அழுக்குக் கார்டுகளும், ஒரு ரப்பரும் கொடுக்கப்பட்டன. கார்டு என்றால் கம்ப்யூட்டருக்குள்ளே செங்குத்தாகச் செருகியிருக்கும் பச்சைப் பலகை. அதன் அடி ஓரத்தில் வரிசையாகப் பல் மாதிரி உலோகப் பட்டைகள் இருக்கும். கல்கத்தா ஈரக்காற்றில் அந்தப் பற்கள் கறுத்துப்போகும், மிஷின் மக்கர் பண்ணும். ரப்பரால் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். நாளெல்லாம் இந்தப் பல் தேய்க்கும் வேலைதான் அவளுக்கு. ஆபீசில் அவளுக்கு ‘ரப்பர் தீதி’, அதாவது ரப்பர் அக்கா, என்றே பெயர் விழுந்துவிட்டது.

தகுதிகாண் காலம் அந்த மாதத்தோடு முடிய இருந்தது. சர்வீஸ் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, போனில் நன்றாகப் பேசுகிறாய், நிரந்தரமாக அந்த இடத்திலேயே போட்டுவிடுகிறேன் என்று மிகவும் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. பெண்பிள்ளை ஜூட் மில்லுக்கும் துறைமுகத்துக்கும் தனியாகப் போய் பெட்டியைத் திறப்பாள் என்று அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அன்று வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. “போன் எடுக்கவாடா நான் இவ்வளவு படிச்சேன்?” என்று என்னைக் கேட்டாள். அப்பாவுக்கோ நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கிடைத்ததே என்று நிம்மதி.

அதற்குள் விஸ்வகர்மா பூஜை வந்தது. கல்கத்தாவில் அன்றைக்கு ஒரு பட்டறையும் ஓடாது. கருவிகளையெல்லாம் கழுவித் துடைத்து, யானைமேல் அமர்ந்த விஸ்வகர்மா பொம்மை முன்னால் பரப்பிவிடுவார்கள். அப்புறம் யாராவது ஸ்பானரைத் தொட்டால் பாவம், மிஷின் வருஷம் பூராவும் பழிவாங்கும். நான் ஹௌராவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். எங்கள் பூஜை முடிந்து, கிச்சடியும் ஆட்டுக்கறியும் ஒரு கை பார்த்துவிட்டு, அக்கரையிலிருந்து படகேறித் தங்கையின் ஆபீசுக்குப் போனேன். தெருவெல்லாம் ஒலிபெருக்கியும் கூத்துமாக இருக்கும், அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடு என்று அப்பா சொல்லியிருந்தார். எஞ்சினியர்கள் அத்தனை பேரும் மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நூல் அறுந்தால் “போ காட்டா!” என்று நான்கு தெருவுக்குக் கேட்கிற கூச்சல். கீழே தங்கை மட்டும் தன் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அந்த போன் அடித்தது. கார்டன் ரீச்சில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸ். சாயங்கால நீரேற்றத்தில் கப்பல் கிளம்ப வேண்டும், அதற்குள் சரக்குப் பட்டியல் அச்சாக வேண்டும், கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் ஏறும்போது கிளம்பாவிட்டால் அடுத்த ஏற்றம்வரை கப்பல் சும்மா நிற்கும். மேனேஜர் மூச்சு வாங்க மாடி ஏறிப் போய்க் கெஞ்சிப் பார்த்தார். பூஜைக்கு வைத்த கருவியை எடுக்க ஒருவரும் சம்மதிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவருக்கே எடுக்க மனம் வரவில்லை. இறங்கி வந்தவர் முன்னால் தங்கை எழுந்து நின்றாள்.

“நான் போறேன் சார். எங்க வீட்டில் ஆயுத பூஜை துர்கா பூஜையோடதான் வரும். இன்னிக்கு எனக்கு ஒரு தடையும் இல்லை.”

மேனேஜர் அவளைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். போ, ஆனால் பெட்டியைத் திறக்காதே, வெளியிலிருந்து பார்த்துவிட்டு நாளைக்கு எஞ்சினியர் வருவார் என்று சொல்லிவிட்டு வா என்றார். எடுத்துப்போக ஒரு கருவியும் இல்லை. எல்லாம் பொம்மையின் காலடியில் பூவுக்குள் கிடந்தன. அவள் மேஜைமேல் ரப்பர் ஒன்றுதான் மிச்சம். அதைக் கருவி என்று யாரும் நினைக்காததால் பூஜைக்கு வைக்க மறந்திருந்தார்கள். அவள் அதை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, “கெளம்பு” என்றாள். வானம் கொள்ளாமல் பட்டங்கள் பறந்த நாளில், கிதிர்பூர் வழியாக அந்த பஸ்ஸில் போனது நேற்றுப்போல் இருக்கிறது. “இன்னிக்கு நான் சுத்தத் தமிழச்சி” என்று அவள் சிரித்தாள். பத்து வார்த்தை தமிழ் பேசினால் ஆறு வார்த்தை பெங்காலி கலக்கிறவள்!

ஏஜென்ட் ஆபீசில் தலைமை குமாஸ்தா, எல்லோரும் பொடோ பாபு என்று கூப்பிடுகிற வயதானவர், வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். எஞ்சினியர் எங்கே என்று என்னைக் கேட்டார். நான் தங்கையைக் காட்டினேன். அவர் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் அறையில் பெட்டிக்கு மாலை, திரைக்குச் சிந்தூரப் பொட்டு, பக்கத்தில் நறுக்கிய பழத்தட்டு. மிஷினைப் போட்டால் காற்றாடி சுற்றியது, திரையில் எண்கள் ஓடின, அதோடு சரி. தகவல் வைத்திருக்கும் பிளாப்பித் தட்டு எதைப் போட்டாலும் படிக்கவில்லை. காலையில் ஏதாவது செய்தீர்களா என்று தங்கை கேட்டாள். “கிச்சு கோரி நி”, ஒன்றுமே செய்யவில்லை என்றார் பொடோ பாபு. ஒன்றுமே செய்யவில்லை என்றார் ஆபரேட்டர். ஒன்றுமே செய்யவில்லை என்று டீ கொண்டுவந்த ஆள்கூடச் சொன்னான். தங்கை என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள், “ஒண்ணுமே செய்யலைன்னு எல்லாரும் சொன்னா, எல்லாருமா சேர்ந்து என்னமோ செஞ்சிருக்காங்கன்னு அர்த்தம்.” பின்னாளில் அவளிடம் வேலை பழகிய எல்லோரும் சொல்லித் திரிந்த வாசகம் இதுதான். முதலில் கேட்டவன் நான்.

திறக்காதே என்று மேனேஜர் சொன்னது அவளுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை. திறந்து, சரியாகவில்லை என்றால், போனும் போய்விடும், வேலையும் போய்விடும். கொஞ்ச நேரம் பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பழத்தட்டிலிருந்த கத்தியை எடுத்துத் துடைத்து, அதன் நுனியால் பின்பக்கத்துத் திருகாணிகளைக் கழற்றினாள். பொடோ பாபு ஏதோ சொல்ல வாயெடுத்து, அது பழம் நறுக்கிய கத்திதானே என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். உள்ளே வெளிச்சம் போதவில்லை. ஆபரேட்டரின் டார்ச்சை வாங்கி, பிடி என்று என்னிடம் நீட்டினாள். நானோ காலையில் தொழிற்சாலையில் கையெடுத்துக் கும்பிட்டு, இன்று கருவி தொடமாட்டேன் என்று நின்றவன். தயங்கினேன்.

“டார்ச் ஆயுதமாடா? பிடிடா!”

பிடித்தேன். அவள் முதலில் பிளாப்பியைப் படிக்கிற இரண்டு டிரைவ்களின் கேபிளையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தாள். டிரைவ் கெட்டிருந்தால் கோளாறும் கூடவே இடம் மாறும் என்றாள். மாறவில்லை. இரண்டுமே ஊமையாக இருந்தன. அப்படியென்றால் குற்றவாளி இரண்டுக்கும் பொதுவானவன், இரண்டையும் இயக்குகிற கார்டுதான். மின்சாரத்தை நிறுத்திவிட்டு டார்ச் வெளிச்சத்தில் குனிந்து பார்த்தவள் சட்டென்று சிரித்துவிட்டாள். கார்டின் மேல் விளிம்பில் ஒரு துளசி இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

எனக்கும் அந்த நொடியில் விளங்கிவிட்டது. எங்கள் வீட்டில் ஒரு ஆயுத பூஜையன்று அம்மா மாவிலையால் ரேடியோமேல் மூன்று தரம் தண்ணீர் தெளித்தாள். தீபாவளிவரை அது வாய் திறக்கவில்லை. அன்றைக்கு அதைப் பிரித்துப் பார்த்து, எங்கே ஈரம் இறங்கியது என்று கண்டுபிடித்தவள் பாவாடை கட்டிய இதே தங்கைதான். இங்கேயும் யாரோ காற்றுத் துவாரம் வழியே கங்கா ஜலம் தெளித்திருக்கிறார்கள். ஆற்றுத் தண்ணீர் அல்லவா, கார்டின் பற்களில் மெல்லிய வண்டல் சாம்பல் பூத்தாற்போல் படிந்திருந்தது. அவள் துளசியை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பொடோ பாபு முன்னால் நீட்டினாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் என் கையாலேயே செய்துவிட்டேனே என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தங்கை கார்டை உருவித் துணியால் ஒற்றி, மேஜை விசிறியில் காயவைத்து, ரப்பரை எடுத்தாள். மாதக்கணக்கில் பழகிய கை. ஒரே திசையில், அழுத்தாமல், பல் பல்லாகத் தேய்த்தாள். துகளை ஊதித் தள்ளினாள். சிப்புகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அமுக்கினாள். இந்த ஊரில் கரண்ட் போய்ப் போய் வருவதில் அவை சூடாகி, ஆறி, குழியிலிருந்து மெல்ல எழும்பிவிடுமாம். கார்டைச் செருகி மிஷினைப் போட்டாள். எண்கள் ஓடின. டிரைவ் வாய் திறக்கவில்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து மேனேஜரின் போன். பெட்டியைத் திறந்தாயா என்று அவர் கத்துவது எனக்கே கேட்டது. “தெறந்துட்டேன் சார். கொஞ்ச நேரம் குடுங்க” என்று சொல்லிவிட்டு அவளே போனை வைத்துவிட்டாள். அவள் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். கார்டு காய்ந்துவிட்டது, அது உட்கார்ந்த குழி காயவில்லையே! பக்கத்தில் காலியாக இருந்த இன்னொரு குழியில் கார்டை மாற்றிச் செருகினாள். மறுபடி போட்டாள். எண்கள் ஓடின. டிரைவில் சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு அந்தச் சத்தம் வந்தது, வெல்லக்கட்டியைப் பல்லால் கடிக்கிற மாதிரி கரக் கரக்கென்று. அதைவிட இனிமையான சங்கீதத்தை நான் எந்த சபாவிலும் கேட்டதில்லை.

அச்சு மிஷின் சரக்குப் பட்டியலைக் கக்கிக்கொண்டிருக்க, பொடோ பாபு மிஷினைக் கும்பிட்டார். பிறகு என் தங்கையைக் கும்பிட்டார். அவள் பதறி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வருஷம் பூ மட்டும் போடுங்கள், ஜலம் உங்கள் தலைமேல் தெளித்துக்கொள்ளுங்கள் என்றாள். கிழவர் வாய்விட்டுச் சிரித்தார். மேனேஜருக்கு போன் போட்டு, ஈரம் பட்டு கார்டு மக்கர் பண்ணியது, நீங்கள் கொடுத்த ரப்பரை வைத்தே சரி செய்துவிட்டேன் என்று மட்டும் சொன்னாள். துளசியைப் பற்றி மூச்சு விடவில்லை. மறுநாள் காலை அவள் போனபோது போன் மேனேஜரின் மேஜைக்கு இடம் மாறியிருந்தது. அவள் மேஜையில் ஒரு பை, அதற்குள் சிந்தூரம் காயாத ஸ்க்ரூ டிரைவர்கள். வீட்டுக்கு வந்து அந்தப் பையை அப்பா மடியில் வைத்தாள். அப்பா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் திரும்பப் பைக்குள் வைத்தார். மறுநாள் கறிகாய்க் கடைக்காரர்வரை செய்தி போயிருந்தது. அப்பாவைத் தவிர யார் சொல்லியிருப்பார்கள்?

அதற்கப்புறம் ஒவ்வொரு விஸ்வகர்மா பூஜையன்றும் ஊரிலுள்ள கோளாறெல்லாம் அவளைத்தான் தேடி வந்தன. மேனேஜர் ஓய்வு பெற்றபோது அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள்தான். இதையெல்லாம் நான் விருந்தாளிகளிடம் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிவிடும். இந்த வருஷமும் அப்படித்தான் ஆறிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுப் பெரியம்மா, எங்களுக்கு மாஷிமா, மூச்சு வாங்க மாடியேறி வந்தாள். எங்களைவிட மூத்தவள், தனியாக இருக்கிறவள். மகன் வெளிநாட்டில். நவமியன்று கம்ப்யூட்டர் திரையில் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போக் பிரசாதத்தில் கை வைப்பாள். அவளுடைய பழைய கம்ப்யூட்டர் காலையிலிருந்து பீப் பீப் என்று கத்துகிறதாம், திரை இருட்டாம். துர்கா பூஜை நாளில் எந்தக் கடை திறந்திருக்கும்?

தங்கை பூஜை அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். விஜயதசமி காலையில்தான் எடுக்க வேண்டும், அம்மா காலத்திலிருந்து அதுதான் எங்கள் வழக்கம். ஆனாலும் எழுந்து, சரஸ்வதியிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, குங்குமத்தோடு ரப்பரை எடுத்துக்கொண்டாள்.

“என்னடி இது, பூஜைக்கு வெச்சதை?” என்றேன்.

“எங்க விஸ்வகர்மா பூஜை எப்பவோ முடிஞ்சாச்சு. இன்னிக்கு நான் பெங்காலி” என்றாள். “டார்ச்சை எடுத்துட்டு வாடா.”

கீழே போய் மாஷிமாவின் பெட்டியைத் திறந்தோம். தரையில் உட்கார அவளுக்கு முட்டி வலி, குனிய எனக்கு இடுப்பு வலி. மெமரிப் பலகையை உருவி, ரப்பரின் தேய்ந்த அந்த மூலையால் ஒரே திசையில், அழுத்தாமல், பல் பல்லாகத் தேய்த்தாள். இத்தனை வருஷத்தில் அது கல்லாகியிருக்கும் என்று நினைத்தேன், ஆகவில்லை. பலகையைச் செருகிப் பொத்தானை அமுக்கியதும் ஒரே ஒரு பீப், பிறகு வெளிச்சம். கொஞ்ச நேரத்தில் திரையில் மகன் முகம் தெரிந்தது. மாஷிமா திரையைத் தடவினாள். மேலே வந்து தங்கை ரப்பரை அதன் இடத்திலேயே வைத்தாள். குங்குமத்தின் ஓரத்தில் புதிதாக ஒரு கறுப்புத் தீற்று. துடைக்கப் போனேன். வேண்டாம், இருக்கட்டும் என்றாள்.