மலை மறைப்பதற்குள் சோறு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். என்னிடம் அறிவியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இது தெரியும், என் கணவருக்குத் தெரியும், எங்கள் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்குக்கூடத் தெரியும். ஆனால் மனிதர்களை எல்லாம் விட்டுவிட்டு ஒரு மலைமீது நான் கோபப்பட்டது அந்த ஒரு கார்த்திகை, மார்கழியில்தான்.

எங்கள் வீடு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் தாண்டிப் புதிதாக மனை போட்ட பகுதியில் இருக்கிறது. வாசலில் நின்றால் தென்மேற்கில் மலை முழுதாகத் தெரியும். வீட்டைப் பார்க்க வந்த அன்று அந்தக் காட்சிக்காகவே இதைப் பிடித்திருக்கிறது என்று சொன்னவள் நான். அதற்கு என்ன விலை கொடுக்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

மாமனார் எங்களிடம் வந்தது ஐப்பசிக் கடைசியில். அதற்குமுன் இரண்டு வருடம், மாமியார் போன பிறகு, கீழ்பென்னாத்தூர் தாண்டி உள்ளே இருக்கும் கிராமத்தில் தனியாக இருந்தார். தனக்குத்தானே பொங்கிச் சாப்பிட்டார். பல நாள் பொங்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் மத்தியானம், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலைக் கொல்லையில் தலை சுற்றி விழுந்துவிட்டார். அந்த வழியாக மாடு ஓட்டிக்கொண்டு போன ஒருவர் பார்த்துத் தூக்கினார். வேளாவேளைக்குச் சாப்பிடாததுதான் காரணம் என்றார் டாக்டர். அந்த ஆள் அன்று அந்தப் பக்கம் வராமல் இருந்திருந்தால்? என் கணவர் மறுநாளே வேன் எடுத்துக்கொண்டு போய் அவரைக் கூட்டிவந்துவிட்டார்.

வந்தவர் கையில் மெரூன் நிறத்தில் ஒரு ரெக்சின் பை.

"தை பொறந்ததும் போயிடறேம்பா. வூடு பூட்டிக் கெடக்கு," என்றார்.

அந்தப் பை கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்தது. வேண்டும்போது ஒரு சட்டையை எடுப்பார், துவைத்துக் காய்ந்ததும் மடித்து மறுபடி அதிலேயே வைத்து ஜிப்பை இழுத்துவிடுவார். அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்திருந்தேன். அது காலியாகவே இருந்தது. அறையைப் பெருக்கும்போது துடைப்பம் அந்தப் பையில் இடிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபமும் வரும், பயமும் வரும்.

நாங்கள் சமணர்கள். இந்த மாவட்டத்துக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்கிற குடும்பங்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடக் கூடாது. கிழங்கு, வெங்காயம், பூண்டு கூடாது. இதெல்லாம் எங்கள் வழக்கம். இதில் எத்தனையை நானும் என் கணவரும் கடைப்பிடித்தோம் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். இரவு ஒன்பது மணிக்குச் சாப்பாடு. பாக்கெட் மாவில் தோசை, பாக்கெட் பொடியில் குழம்பு, மகளுக்கு நூடுல்ஸ், வாரத்தில் இரண்டு நாள் பார்சல். வேலைக்குப் போகிறவள் வேறு என்ன செய்வாள் என்பது என் கட்சி.

மாமனார் வந்த முதல் ஞாயிறு, சாயங்காலம் நாலரைக்கே அவர் முன்னால் ஒரு தட்டு கிச்சடி வைத்தேன். வெந்நீரில் கொட்டிக் கிளறினால் போதும் என்ற வகை. அவர் தட்டைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இதுல இன்னாம்மா போட்டிருக்குது?"

கேள்வியில் குத்தல் எதுவும் இல்லை. ஆனால் சமைத்தவள் நான், என்ன போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாது! மகள் குப்பைக்கூடையிலிருந்து உறையை எடுத்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்தாள். வெங்காயப் பொடி, பூண்டுப் பொடி. பிறகு அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. ஷெல்ஃபில் இருந்த ஒவ்வொன்றையும் எடுத்து வந்து தாத்தாவுக்குப் படித்துக் காட்டினாள். குழம்புப் பொடி, சூப், சிப்ஸ், அவளுடைய நூடுல்ஸ் எல்லாவற்றிலும் அந்த இரண்டும் இருந்தன. இல்லாத ஒன்றிரண்டில் இருந்த பெயர்கள் அறிவியல் டீச்சரான என் வாயிலேயே நுழையவில்லை. பாதி ஷெல்ஃப் காலியானது. மகள் நூடுல்ஸை மட்டும் ஒளித்து வைத்துக்கொண்டாள்.

அன்று அவர் ஒரு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் எடுத்துக்கொண்டார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவமானமாக இருந்தது.

காலைச் சாப்பாட்டிலும் மத்தியானச் சாப்பாட்டிலும் சிக்கல் இல்லை. விடியற்காலையில் சமைத்து ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டுப் போவேன். காலையில் பொங்கியதை மத்தியானத்துக்கு மேல் அவர் தொடமாட்டார். தலை சுற்றி விழுந்தவர் அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று என் கணவர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே சாயங்காலச் சாப்பாடு என் தலையில்தான். பள்ளி விட்டு நான் வீட்டுக்கு வரும்போது நாலே முக்கால் ஆகும். கார்த்திகையில் ஐந்தே முக்கால் சுமாருக்குத்தான் சூரியன் மறைகிறது என்று ஃபோன் சொன்னது. ஒரு மணி நேரம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் சுரைக்காய்க் கூட்டும் சோறும் செய்து, மணி ஐந்து இருபதுக்குப் பெருமையாகத் தட்டை நீட்டினேன். அவர், இனி அன்றைக்குச் சாப்பாடு இல்லை என்பதற்கு அடையாளமாக, வாய் கொப்பளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பொழுது போயிடுச்சும்மா. காலைல சாப்பிட்டுக்கறேன்."

"மாமா, ஃபோன்ல பாருங்க. இன்னும் இருபது நிமிஷத்துக்கு மேல இருக்குதுங்க."

"அந்த ஃபோனு எங்க நின்னுக்கினு பாக்குது? நான் இங்க நின்னு பாத்தேன். சூரியன் இல்ல."

வெளியே போய்ப் பார்த்தேன். மலைக்குப் பின்னால் வானம் வெளிச்சமாக இருந்தது. சூரியன் இல்லை. கிராமத்தில் அவர் பார்த்துப் பழகியது கண்ணுக்கு எட்டின மட்டும் சமதரை. அங்கே சூரியன் கண்ணில் படவில்லை என்றால் பொழுது போய்விட்டது என்றுதான் அர்த்தம். இங்கே அந்தப் பருவத்தில் சூரியன் நேராக மலைக்குப் பின்னால் போய் இறங்குகிறது. எழுபது வயதுக்கு மேல், அஸ்தமனம் எது என்று அவருக்குப் பாடம் நடத்த முதலில் எனக்கு வாய் வரவில்லை. பிறகு ஒருதரம் நடத்தியும் பார்த்தேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, "சந்தேகம் இருக்கறப்ப எதுக்கும்மா சாப்பிடணும்?" என்றார்.

மலை எனக்கு விட்டுவைத்தது இருபது நிமிடம்தான். அந்த இருபது நிமிடத்தில் சமைத்து, அவர் சாப்பிட்டும் முடிக்க வேண்டும். முடியாவிட்டால் வாழைப்பழமும் பாலும். அப்படியே பத்து நாள் போனது. அவர் சட்டைக் கழுத்து தொளதொளவென்று ஆனது. இங்கே இளைத்துவிட்டு, தையில் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பூட்டிய வீட்டுக்குப் போய், மறுபடி எங்கேயாவது விழுந்தால் தூக்குவதற்கு யார் வருவார்கள்? எனக்குத் தூக்கம் கெட்டது. பிறகு, என் வழக்கப்படி, கோபம் வந்தது. ஒரு மலையா, நானா, பார்த்துவிடலாம்.

முதல் நாள் பூசணிக்காய் வேகவில்லை. இரண்டாம் நாள் குக்கர் அடிப்பிடித்தது. அன்று அவர், "வாசன நல்லா வருதும்மா," என்றார். கேலியா, ஆறுதலா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகுதான் வழி பிடிபட்டது. காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போதே சாமையையும் பாசிப்பருப்பையும் ஊறவைத்துவிட வேண்டும். ஜவ்வாது மலைச் சாமை எங்கள் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். நான்தான் அதைக் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை. ஊறிய சாமை அரிசியைவிடச் சீக்கிரம் வேகும். வந்த வேகத்தில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் குக்கரை ஏற்றிவிட்டு, சாமையோடு அவரைக்காயையும் பரங்கிக்காயையும் நறுக்கிப் போட்டு மூடினால் இரண்டே விசில். அது அடங்குவதற்குள் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயில் சீரகம், மிளகு, கறிவேப்பிலை, தாராளமாகப் பெருங்காயம். வெங்காயம் இல்லாத குறையைப் பெருங்காயம் காணாமல் அடித்துவிடும். தொட்டுக்கொள்ள வறுத்த மல்லாட்டைத் துவையல்.

மல்லாட்டையும் மண்ணுக்குள்தானே விளைகிறது என்று நீங்கள் கேட்கலாம். நானும் அவரை மடக்கிவிட்டதாக நினைத்துக் கேட்டேன். "அது கிழங்கா? கொட்டைம்மா அது," என்றார். அவரிடம் வாயைக் கொடுத்து நான் ஜெயித்ததே கிடையாது.

பன்னிரண்டு நிமிடத்தில் தட்டு தயார். அவர் கடைசி வாய் வைக்கும்போது சூரியன் மலை உச்சிக்கு மேல் ஒரு விரற்கடை இருந்தது. மறுநாளும் ஜெயித்தேன். அதற்கு மறுநாளும். ஒரு நாள் கீரை, ஒரு நாள் புடலங்காய் என்று மாறியது. ஒருநாள் என் கணவர் அலுவலகத்திலிருந்து வந்து, பார்சல் வாங்கட்டுமா என்று கேட்டுக்கொண்டே குக்கரைத் திறந்தவர், நின்றபடியே பாதியைக் காலி செய்தார். மகள் ஒளித்து வைத்த நூடுல்ஸ் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. பிறகு அவள் அதைத் தேடவில்லை.

மாமனார் மட்டும், போட்டதைச் சாப்பிடுவார், போதும் என்பார். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பை கட்டிலுக்கு அடியிலேயே இருந்தது.

அப்போது மார்கழிப் பௌர்ணமி வந்தது. கிரிவலத்துக்கு வந்த கூட்டத்தில் ஊருக்குள் திரும்பின பக்கமெல்லாம் பேரிகார்டு. அந்தத் தெருவில் போகாதே, இந்தத் தெருவில் திரும்பாதே என்று போலீஸ்காரர்கள் என் வண்டியை விரட்டினார்கள். நான் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது மணி ஐந்து பதினைந்து. சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டிருந்தது. மாமனார் வாய் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"பரவால்லம்மா. கூட்டம் இருக்கும்னு தெரியும். நீ உக்காந்து தண்ணி குடி."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அழுகையும் கோபமும் ஒன்றாக வர, காய்ந்த துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். மலையைப் பார்க்கப் பிடிக்காமல் வடக்கே திரும்பி நின்றேன். எங்கள் தெரு முழுக்க நிழல். ஆனால் வேலூர் ரோட்டில் தள்ளி, ஏரிப் பக்கத்து வயல்களில் வெயில் மஞ்சளாக அடித்துக்கொண்டிருந்தது. ஒளியும் நிழலும் என்று வருடாவருடம் பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். அந்த நிமிடம்தான் அது என் மண்டையில் ஏறியது. நாங்கள் இருந்தது இரவில் இல்லை, மலையின் நிழலில்!

துணியை அப்படியே போட்டுவிட்டுக் கீழே ஓடினேன். குக்கரை ஏற்றினேன். பன்னிரண்டு நிமிடத்தில் சாமைச் சோற்றைத் தூக்குவாளியில் போட்டு, மேலே துவையலை வைத்து மூடி, தட்டும் தண்ணீர் பாட்டிலும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"வண்டில ஏறுங்க மாமா."

"எங்கம்மா?"

"கேக்காதீங்க. ஏறுங்க."

என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏறிவிட்டார். எதிரே பஸ்ஸும் வேனும் ஊருக்குள் நெருக்கிக்கொண்டு வந்தன. ஊரைவிட்டு வெளியே போகும் பக்கம் காலியாக இருந்தது. பின்னால் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு அவர் வந்தார். ஐந்து நிமிடம் போயிருப்போம். மலையின் வலப்பக்கச் சரிவிலிருந்து முதலில் ஒரு கீற்று வெளிச்சம், பிறகு சூரியன் முழுதாக வெளியே வந்து எங்கள் இருவர்மேலும் அடித்தது.

சிறுபாலத்துக் கட்டை ஓரமாக வண்டியை நிறுத்தினேன். அவர் இறங்கி, நெற்றிமேல் கை வைத்துப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, திரும்ப வந்துடுச்சு?"

"திரும்ப வரல மாமா. அது போகவே இல்ல. மலைதான் குறுக்கால நிக்குது."

மலையைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, வந்த நாளிலிருந்து நான் பார்த்திராத விதமாக, தோள் குலுங்கச் சிரித்தார். கட்டைமேல் உட்கார்ந்து கை கழுவினார். நான் தட்டில் போட்டேன். ஆவி பறந்தது. வேலூரிலிருந்து வந்த பஸ்களில் கிரிவலத்துக்குப் போகிறவர்கள் எல்லாம் எங்களை எட்டிப் பார்த்துக்கொண்டே போனார்கள். பார்க்கட்டும் என்று இடுப்பில் கை வைத்து நின்றேன்.

தட்டு காலியானது. அவர் அதை என் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் போடும்மா."

நான் ஜெயித்துவிட்டேன். ரோடு என்றும் பார்க்காமல் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தவில்லை, இரண்டு கரண்டி போட்டேன். அதையும் சாப்பிட்டு, கை கழுவி, வாய் கொப்பளித்து முடித்தபோதும் சூரியன் வயலுக்கு மேலே நின்றது.

"நாளையிலேந்து அவசரப்படாத. ஃபோனு சொல்றபடியே வச்சுக்கலாம்," என்றார் திரும்பும் வழியில். ஆனால் எனக்குக் கை பழகிவிட்டது. இன்றைக்கும் பன்னிரண்டு நிமிடம்தான்.

தை பிறந்தது. மாட்டுப் பொங்கலன்று காலையில் அவர் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை இழுக்கும் சத்தம் சமையலறைக்குக் கேட்டது. கரண்டி கையிலேயே நின்றது. போய்க் கேட்கவும் பயமாக இருந்தது. சிறிது நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். அது தொய்ந்து கிடந்தது.

"சட்டைங்கள அலமாரில வச்சிட்டேன். சாமை தீந்துடுச்சுன்னியே, வாங்கப் போறப்ப இத எடுத்துக்கினு போ. தாராளமா புடிக்கும்."

அந்தப் பை இப்போது சமையலறை ஆணியில் தொங்குகிறது. ஜிப் திறந்தே இருக்கிறது.