மேனேஜரின் குடலும் மாமாவின் ரெஜிஸ்டரும்

என் அக்காவின் கணவர் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகக் காவலாளி. அங்கே அவருக்குப் பட்டப்பெயர் செக்போஸ்ட். அடையாள அட்டை இல்லையென்று முதலாளியையே வெயிலில் நிற்க வைத்தவர். அதை இன்றுவரை பெருமையாகத்தான் சொல்வார். அவர் வீட்டில்தான் நானும் ஒண்டிக்கொண்டிருக்கிறேன்.

அந்த வீட்டில் அதிகாரம் செய்வது ஒரு பூனை. நாள் முழுக்கத் தூங்கிவிட்டு எழுந்ததும் எல்லோரையும் முறைப்பதால் அதற்குப் பெயர் மேனேஜர். மூன்று மாதமாக வாந்தியும் பேதியுமாக ஐந்து கிலோ மேனேஜர் மூன்றே முக்காலுக்கு இறங்கிவிட்டது. மாமா சீருடையைக்கூட மாற்றாமல் அதைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினார். பின்னாலேயே நானும் ஓடினேன்.

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா, குடல் சுவர் தடித்துப்போயிருக்கிறது என்றார்.

"கிருமியா டாக்டரம்மா?" என்றார் மாமா.

"தேடிப் பாத்தாச்சு, இல்ல. உடம்புக்குள்ள நோய் எதிர்ப்பு சக்தின்னு ஒரு காவல் படை இருக்குல்ல? அது தினமும் வர்ற சாப்பாட்டையே திருடன்னு நெனச்சு அடிக்குதுபோல. அடி விழறது என்னவோ குடலுக்குத்தான்."

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. "டூட்டி பாக்கறவங்கள அப்படிச் சொல்லாதீங்க டாக்டரம்மா."

"இந்த முயல் கறி டப்பாவ மட்டும் எட்டு வாரம் குடுங்க. அந்தப் படைக்கு இது புதுசு, சண்டைக்கு வராது. வேற ஒரு துணுக்கு வாயில பட்டாலும் மறுபடி கிளம்பிடும். இதுல தேறலன்னா மயக்க மருந்து குடுத்து, குடல்லேர்ந்து சதை எடுத்துப் பாக்கணும். இந்த எடையில தாங்குமான்னு எனக்கே பயமா இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் மாமா சமையலறைக் கதவில் ஒரு ரெஜிஸ்டரைத் தொங்கவிட்டார். யார், எத்தனை மணிக்கு, எதற்கு? தன் சமையலறைக்குள் போக அக்கா கையெழுத்துப் போட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு வந்த என்னை வாயைத் திறந்து காட்டச் சொன்னார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார்.

மூன்று வாரத்தில் மேனேஜர் இன்னும் நூறு கிராம் இளைத்தது.

"மாப்ளே, நெஞ்சத் தொட்டுச் சொல்லு. மீன் போட்டியா?"

"நான் மீனே திங்கறதில்ல மாமா!"

அக்கா ரெஜிஸ்டரைப் புரட்டினாள். "ஏங்க, இதுல என் பேரு இருக்கு, தம்பி பேரு இருக்கு. உங்க பேரு எங்க?"

"எந்த ஊர்லடி காவலாளி ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடறான்?"

"சரி, டூட்டி முடிஞ்சு வந்து ஷூவக் கழட்டறப்ப, சட்டைப் பையிலேர்ந்து அதுக்கு என்னமோ எடுத்துக் குடுப்பீங்களே?"

"அது பால் பிஸ்கட்டு. ஒரு ஓரம்தான். அதெல்லாம் சாப்பாடா? நான் வந்துட்டேன்னு சொல்றதுக்கு..."

மாமா சட்டைப் பையை வெளியே இழுத்து உதறினார். தூள் கொட்டியது. எங்கிருந்தோ மேனேஜர் பாய்ந்து வந்தது. அதை அப்படியே அள்ளித் தூக்கிக்கொண்டு, "நானேதான்டா உன்ன அடிச்சிருக்கேன்" என்று அழுதுவிட்டார். எப்போது கேலி செய்யலாம் என்று காத்திருந்த நான், விளக்குமாற்றை எடுத்து வந்து தூளைக் கூட்டினேன்.

எட்டு வாரத்தை முதலிலிருந்து எண்ணினோம். மேனேஜர் இப்போது நாலரைக் கிலோ.

மாமா தினமும் வேலை முடிந்து வந்ததும் வாசலில் நின்று தாமாகவே இரண்டு கையையும் தூக்குகிறார். அக்கா பை பையாகத் தடவிப் பார்க்கிறாள். ரெஜிஸ்டரில் முதல் கையெழுத்து அவருடையது. பிறகு வெறும் உள்ளங்கையை நீட்டுகிறார். மேனேஜர் அதை மோந்து பார்த்து, ஒரு முறை முறைத்துவிட்டு, அவர் காலில் உரசிக்கொண்டு அங்கேயே படுத்துவிடுகிறது.

"பிஸ்கட்டு இல்லாமலே வருது, பாத்தியா மாப்ளே?" என்று தினமும் என்னைக் கேட்கிறார்.