தார்ச்சாலையோடு முடியும் இணையம்

வில்லியனூரில் என் வீட்டுக்கு இணையம் தருபவர் இக்பால் பாய். கடைத்தெருவில் ஒரு சிறிய அறையும் மூன்று ஊழியர்களும்தான் அவருடைய நிறுவனம். "உங்க நெட்டு எதுவரைக்கும் போவுது பாய்?" என்று போன வாரம் விளையாட்டாகக் கேட்டேன். "சனிக்கிழம வாங்க, காட்றேன்" என்றார். எல்லோரும் கடலைப் பார்க்கப் புதுச்சேரிக்கு வருகிறார்கள். நான் ஒரு கேபிளின் நுனியைப் பார்க்கக் கிளம்பினேன்.

காலை ஆறரைக்கு அவருடைய பைக்கில் புறப்பட்டோம். நெட்டப்பாக்கம் தாண்டி, மொத்தம் பதினெட்டு கிலோமீட்டர். பனி வயலைவிட்டு எழவில்லை. கரும்பும் நெல்லும் வெளுத்து மிதந்தன; கம்பத்துக்குக் கம்பம் கூடவே வந்த கறுப்புக் கேபிள் மட்டும்தான் நிஜம்போல இருந்தது. இங்கே தமிழ்நாடும் புதுச்சேரியும் பின்னிக் கிடக்கின்றன. ஓரிடத்தில் தமிழ்நாட்டுத் துண்டு ஒன்று குறுக்கே வந்தது. நாங்கள் நேராகப் போனோம். கேபிள் எங்களைப் பிரிந்து வயலைச் சுற்றி, பனிக்குள் மறைந்து, அடுத்த திருப்பத்தில் மறுபடி சேர்ந்துகொண்டது. அவ்வளவு ஒழுக்கமான கேபிளை நான் பார்த்ததில்லை.

ஊரின் பெயரைச் சொல்லவில்லை, பாய்க்குத் தொல்லை. ஒரே தெரு. வடக்குப் பக்கம் புதுச்சேரி, தெற்குப் பக்கம் தமிழ்நாடு. வடக்கே கடைசிக் கம்பத்தில் மிச்சக் கேபிள் வளையமாகத் தொங்கியது.

இணையம் தர மூன்று வகை உரிமங்கள் உண்டு: நாடு முழுவதற்கும் ஒன்று, ஒரு மாநில அளவுக்கு ஒன்று, சிறு வட்டாரத்துக்கு ஒன்று. பாயுடையது கடைசி வகை. அவருடைய வட்டாரம் இந்தத் தார்ச்சாலையோடு முடிகிறது. பெரிய நிறுவனங்கள் எதிர்ப்பக்கம் தாராளமாக வரலாம். பத்துப் பதினைந்து வீட்டுக்காக வருவதில்லை. வரக்கூடியவர் வர மாட்டார், வர விரும்புபவர் வரக்கூடாது. போட்டியை வளர்ப்பதற்கான ஏற்பாடு என்கிறார்கள்.

தெற்குப் பக்க வீட்டிலிருந்து கஸ்தூரி வந்தார். சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடி மருத்துவமனைக் கணக்குகளைத் தட்டச்சு செய்கிறார். செல்போன் இணையம் அறுந்து அறுந்து போகிறது. திங்கட்கிழமைக்குள் கேபிள் இணைப்பு இல்லையென்றால் வேலை போய்விடும்.

"இன்னா பாய், இன்னைக்காச்சும் இழுப்பீங்களா? இல்ல, கம்பத்துக்கு மாலை போட்டுட்டே போவீங்களா?"

"அந்தாண்ட இழுத்தா லைசென்ஸ் போயிடும்மா. அப்புறம் ஒருத்தருக்கும் நெட்டு கிடையாது."

வடக்குப் பக்கத் தையற்கடை சாந்தி எட்டிப் பார்த்தார். "ஒயரு வரலன்னா இன்னாடி, நீ வா. எங்கடையில குந்திக்கோ."

"கம்பெனில வீடியோல வூட்டக் காட்டச் சொல்லுவாங்கக்கா. கடைன்னா ஒத்துக்க மாட்டாங்க."

"அப்ப வூட்டக் கொண்டா."

கொண்டுவந்தார்கள். வாசல் திரை, சுவர்க் கடிகாரம், கல்யாணப் போட்டோ எல்லாம் கலைந்துகொண்டிருந்த பனியின் ஊடே மாநிலம் விட்டு மாநிலம் மிதந்து போயின. மேசையைத் தூக்கிவந்த கஸ்தூரியின் கணவர் நடுச்சாலையில் நின்றார். "மத்தியானச் சோறு எந்த ஸ்டேட்டுல?"

"முதல்ல மேசையக் கொண்டாய்யா!"

சாந்தி பெயரில், சாந்தி கடையில் இணைப்பு. ஒரு விதியும் கசங்கவில்லை.

திங்கள் மதியம் பாய் போன் செய்தார். "வேலை தப்பிச்சுதுங்க. வூடு லட்சணமா இருக்குன்னாங்களாம்."

போக நினைப்பவர்களுக்கு: பனிக்காலத்தில், ஏழு மணிக்குள் போய்ச் சேருங்கள். டீ பன்னிரண்டு ரூபாய். சாலையைக் குறுக்கே கடக்க மனிதர்களுக்கு உரிமம் தேவையில்லை. பதினொரு மணிக்கு, கம்பெனி வீடியோவில் கூப்பிடும் நேரத்தில் மட்டும் தையற்கடைக்குள் நுழையாதீர்கள். அப்போது சாந்தி மெஷினை நிறுத்திவிட்டு வெளியே நிற்பார். உள்ளே கஸ்தூரி வீட்டில் இருப்பார்.