சாப்பாட்டு அறையில் ஒரு மைக்

பவானிபூரில் பெண்கள் தங்கும் பேயிங் கெஸ்ட் வீட்டில் சேர்ந்தபோது, நான் விவாகரத்தானவள் என்று யாரிடமும் சொல்லவில்லை. கோயம்புத்தூரில் அதை விளக்கி விளக்கிச் சலித்துப்போய்த்தான் கொல்கத்தாவுக்கு மாற்றல் கேட்டு வாங்கியிருந்தேன். அறையில் கூட இருந்தவள் மதுரைப் பெண், எம்.எஸ்ஸி. மாணவி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு அறையில் வேறு யாரும் இல்லை. அவளிடம் தமிழில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அடுத்த வாரம் வீட்டுக்கார அம்மா என்னை அழைத்து உட்காரவைத்தார். அவரை நாங்கள் காகிமா என்போம், பெங்காலியில் சித்தி என்று அர்த்தம். புருஷனை விட்டு வந்தவளை வைத்திருந்தால் மற்றப் பெண்களின் வீட்டார் என்ன நினைப்பார்கள், வேறு இடம் பார்த்துக்கொள் என்றார். அதோடு விடவில்லை. அவன் என்னை அறைந்த கதையை, நான் சொன்ன அதே வரிசையில் சொல்லிக் காட்டினார்.

நான் வந்து கேட்டதும் மதுரைப் பெண் பதறிப்போனாள். "அக்கா, சத்தியமா நான் சொல்லலை." அவளுக்குத் தெரிந்த பெங்காலி கடையில் முட்டை வாங்கும் அளவுதான். பிறகு எப்படி? இருவரும் சாப்பாட்டு அறைச் சுவரில் இருந்த கண்காணிப்புக் கேமராவை நிமிர்ந்து பார்த்தோம்.

மேல்மாடியில் ஒரு பெங்காலிப் பெண் இருந்தாள். ஹைகோர்ட் வக்கீல் ஒருவரிடம் ஜூனியர். அவளைக் கூட்டிவந்து காட்டினோம். நாற்காலி மேல் ஏறிப் பார்த்தவள், இதில் மைக் இருக்கிறது என்றாள். சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டேன். இதற்கென்று தெளிவான ஒரே சட்டம் கிடையாது என்று ஒளிக்காமல் சொன்னாள். தன் போன் பேச்சைத் தானே பதிவு செய்கிறவர் விஷயத்தில் கோர்ட்டுகளே ஒன்றுபோல் சொன்னதில்லையாம். "ஆனா இங்கே காகிமா உங்க பேச்சிலேயே இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை. போலீஸுக்கும் போகலாம், கோர்ட்டுக்கும் போகலாம். நான் கூட வர்றேன்."

மறுநாள் மாலை அந்த வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் கூடத்தில் கூடிவிட்டார்கள். என் கதை தெரியாதவர்களும் வந்திருந்தார்கள். தங்கள் பேச்சும் அதில் இருக்குமே என்ற கோபம் அவர்களுக்கு. பாதுகாப்புக்காகத்தான் வைத்தேன் என்றார் காகிமா. பாதுகாப்புக்கு இவளுடைய தமிழ் எதற்கு என்று வக்கீல் பெண் கேட்டாள். தமிழர்கள் நிறைய இருக்கும் லேக் மார்க்கெட்டில் தெரிந்த தமிழ் அம்மா ஒருவரிடம் பதிவைப் போட்டுக் காட்டி அர்த்தம் கேட்டதைக் காகிமா ஒத்துக்கொள்ளவேண்டியதாயிற்று. கடைசியில், இது என் வீடு என்றார்.

நான் எழுந்து நின்றேன். எனக்குத் தெரிந்த உடைந்த பெங்காலியில் சொன்னேன்: "வீடு உங்களுடையது, காகிமா. நான் பேசியது என்னுடையது. நான் போகமாட்டேன்."

இவளை அனுப்பினால் நாங்களும் போகிறோம், போகிற வழியில் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது என்றாள் சிலிகுரிப் பெண் ஒருத்தி. காகிமா தன் கணவரைக் கூப்பிட்டார். அவர் ஸ்டூல் போட்டு ஏறிக் கேமராவைக் கழற்றினார். பதிவுகளை எங்கள் கண்ணெதிரிலேயே அழித்தார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் விவாகரத்தை நானே எல்லோருக்கும் சொன்னேன். என் பெங்காலியின் இலக்கணப் பிழைகளைத் திருத்தித் திருத்தி, சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நானும் சிரித்தேன்.

இன்றும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். போன மாதம் இடம் பார்க்க வந்த ஒரு பெண்ணுக்குக் காகிமா வாசல் கேமராவைக் காட்டிக்கொண்டிருந்தார். "இது பார்க்கும், அவ்வளவுதான். கேட்காது," என்றார். சொல்லிவிட்டு, நான் நிற்கிறேனா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.