மூன்று நாள் சமுத்திரம்

என் நாத்தனார் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் "தங்கமான மனுஷி" என்றார்கள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவளை நான் மன்னிக்கவில்லை, அவளும் என்னை மன்னிக்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது மூன்று நாள் சமுத்திரம்.

கல்யாணமாகிக் கரமனைக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. பிறந்தது திருநெல்வேலிப் பக்கத்தில் ஓர் ஆற்றங்கரை ஊர். கடலைக் கண்ணால் கண்டதில்லை. கரமனையிலிருந்து வண்டி கட்டினால் ஒரு காலை வேளைக்குள் சங்குமுகம் கடற்கரைக்குப் போய்விடலாம். இரண்டு வருஷமாகியும் யாரும் அழைத்துப் போகவில்லை. கேட்டால் என் வீட்டுக்காரர், "அக்காகிட்டே சொல்றேன்" என்பார். தாயில்லாமல் தமக்கை கையில் வளர்ந்தவர். தும்முவதானாலும் அக்காவைக் கேட்டுத்தான் தும்முவார்.

அந்த அக்கா கோட்டைக்குள் இருந்தாள். அவள் அகத்துக்காரர் சமஸ்தானத்து ஹஜூர் கச்சேரியில் பெரிய உத்தியோகம். ஒரு வருஷம் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு இறங்கவில்லை. வைத்தியர் கடல்காற்று நல்லது என்றார். உடனே யாரோ மேலதிகாரியின் கடலோர பங்களாவை ஒரு வாரத்துக்குக் கேட்டு வாங்கினார்கள். நாத்தனாரின் மைத்துனர்கள், ஓர்ப்படிகள், குழந்தைகள், நாங்கள் இரண்டு பேர், எல்லாமாகப் பதினேழு தலை. அவளே கரமனைக்கு வந்து அழைத்தாள்.

"நீயும் வாடீ. சமுத்திரம் சமுத்திரம்னு அவன் பிராணனை வாங்கறயாமே. கண் நிறையப் பார்த்துட்டு வா."

அன்றைக்கு அவள் காலில் விழுந்து நமஸ்காரம் பண்ணினேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேலேயே ஆத்திரம் வருகிறது.

தை மாதம், திங்கட்கிழமை போய் இறங்கினோம். பங்களாவின் முகப்பு மேற்கே கடலைப் பார்த்து இருந்தது. சமையலறை கிழக்கே, தென்னந்தோப்பைப் பார்த்து. வண்டியை விட்டு இறங்கின கையோடு நாத்தனார் வெண்கலப் பானையை என்னிடம் நீட்டினாள். கிணற்றில் குளித்து, மடிப்புடவை கட்டிக்கொண்டு, யாரையும் தொடாமல் பதினேழு பேருக்குச் சமைக்க வேண்டும். ஓர்ப்படிகள் அவள் புக்ககத்து மனுஷிகள். அவர்கள் முன்னால் தன் அந்தஸ்து குறையக்கூடாது என்று அவர்களை அடுப்புப் பக்கமே விடவில்லை. தம்பி பெண்டாட்டி ஒருத்தி இருக்கும்போது அவளுக்கு என்ன குறை?

காலைக் காப்பி, பத்து மணிச் சாப்பாடு, மூன்று மணிக்கு அடை, ராத்திரிக்குச் சாதம். கடல் என் முதுகுக்குப் பின்னால் இரைந்துகொண்டே இருந்தது. சத்தம் கேட்கிறது, வாசனை வருகிறது, பார்க்க மட்டும் முடியவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் பத்துப் பாத்திரத்தையும் ஒழித்துப் போட்டுவிட்டு மெள்ள முன்பக்கம் வந்தேன். மணலில் நாலடி வைத்திருப்பேன்.

"எங்கே போறாய்?" நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த நாத்தனார் கத்தினாள். "அமாவாசை வரைக்கும் சமுத்திரத்தைத் தொடப்படாதுன்னு உங்காத்துலே சொல்லித் தரலையோ? பிறந்தகத்து லட்சணம் இப்படியாக்கும்!"

ஓர்ப்படிகள் இருவரும் சிரித்தார்கள். அம்மா இல்லாத என் பிறந்தகத்தைச் சொல்லி அவள் கேலி பண்ணியபோது என் வீட்டுக்காரர் பக்கத்தில்தான் நின்றார். நண்டு வளையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாஸ்திரம் அவள் சொன்னபடிதான். அமாவாசை, பௌர்ணமி போன்ற நாளில் தவிரச் சமுத்திரத்தைத் தீண்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். எனக்கும் தெரியும். ஆனால் மறுநாள் காலை கொடியில் உலர்த்தப் போட்டிருந்த அவளுடைய கரைப் புடவையை எடுத்தேன். முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, மடிப்பில் ஒரு பிடி மணல் இருந்தது. மணலைத் தட்டவில்லை. அப்படியே மடித்து அவள் பெட்டியின் மேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள்.

வியாழக்கிழமை தை அமாவாசை. அன்றைக்காவது என்று இருந்தேன். விடியும்போதே எல்லாரும் ஸ்நானத்துக்குக் கிளம்பினார்கள். நானும் மாற்றுப்புடவையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

"நீ எங்கே?" என்றாள் நாத்தனார். "நாலு பேர் தர்ப்பணம் பண்ணணும். பசியோட வருவா. நீ கிணத்துலே குளிச்சுட்டு அடுப்பை மூட்டு. சமுத்திரம் எங்கேயும் ஓடிப்போகாது, கேட்டியா?"

அவர்கள் போனார்கள். குழந்தைகள் அலையில் விழுந்து கூச்சலிடுவது கேட்டது. நான் குளித்தேன், அடுப்பை மூட்டினேன். வாழைக்காய் நறுக்கினேன், புடலங்காய் நறுக்கினேன், உளுந்து அரைத்தேன், பயத்தம்பருப்பை வேகப்போட்டேன். அழுகையெல்லாம் வரவில்லை. அவளை என்ன செய்யலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். உலையில் அரிசி கொதி வந்தபோது யோசனையும் வந்தது.

தர்ப்பணம் முடிந்து நாலு ஆண்களும் பசியில் முகம் வாடி வரும்வரை காத்திருந்தேன். சாதம் வடித்து, குழம்பு இறக்கி, பாயசத்துக்கு வெல்லமும் போட்டாயிற்று. நாத்தனார் இலை போடச் சொல்ல வந்தாள். நான் அடுப்பை விட்டு எழுந்து கொல்லைப்படியில் இறங்கி ஒதுங்கி நின்றேன்.

"அக்கா, நான் தூரம்."

மாதவிலக்கு என்று ஒரு பெண் சொல்லிவிட்டால் மூன்று நாள் அவளை யாரும் தொடக்கூடாது. அவள் தொட்டதையும் தொடக்கூடாது. பொய்யா நிஜமா என்று சோதிக்க எந்தச் சாஸ்திரத்திலும் வழியில்லை. நாத்தனாரின் முகம் வெளுத்ததை நான் ஆசை தீரப் பார்த்தேன். சாதம், குழம்பு, பாயசம் எல்லாம் தென்னை மரத்தடியில் கொட்டப்பட்டன. பாத்திரமெல்லாம் புளி போட்டுத் தேய்த்தாகவேண்டும். அவள் மறுபடி தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, ஈரப்புடவையோடு அடுப்படியில் உட்கார்ந்தாள். பெரிய உத்தியோகஸ்தர் பசி தாங்காமல், "இன்னும் எத்தனை நேரம்?" என்று எல்லார் முன்னாலும் எரிந்து விழுந்தார். அந்த வார்த்தை எனக்குப் பாயசம் மாதிரி இருந்தது.

அடுத்தது என்னை எங்கே உட்கார்த்துவது என்ற கேள்வி. கொல்லைப்புறத்தில் கிணறு, அங்கே நான் இருந்தால் மடித்தண்ணீர் எடுக்க முடியாது. பங்களாவில் ஒதுக்கறை கிடையாது. கடைசியில் கடற்பக்கம் மணலில் இருந்த ஓலைக்கொட்டகைதான் கிடைத்தது. அதை விட்டு எட்டி அடி வைத்தால் அலை.

அந்த மூன்று நாள் நான் ராஜாத்தி. யாரும் என் கிட்டே வரவில்லை, யாரும் வேலை ஏவவில்லை. தட்டைத் தூர வைத்துவிட்டுப் போவார்கள். அன்று மத்தியானமே, சாஸ்திரப்படி தொடலாம் என்ற அந்த ஒரே நாளில், கடலுக்குள் இறங்கினேன். முதல் அலை புடவையோடு என்னைப் புரட்டிப் போட்டது. உப்புத்தண்ணீர் மூக்கில் ஏறியது. எழுந்து நின்று சிரித்தேன். சமையலறைக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்து இன்னும் சிரித்தேன். மற்ற இரண்டு நாளும் சாஸ்திரத்தையும் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது நாத்தனாரின் விரல் இரண்டில் தீக்கொப்புளம் இருந்தது.

ஊருக்கு வந்து ஒரு மாதம் கழித்து எனக்கு வாந்தி தொடங்கியது.

நிஜத்தில் நான் கடைசியாக விலக்காக உட்கார்ந்தது கார்த்திகையில், அண்ணன் கல்யாணத்துக்குப் பிறந்தகம் போயிருந்தபோது. அந்தக் கணக்கு இங்கே யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரருக்கு ஆபீஸ் ஃபைலைத் தவிர எதுவும் நினைவில் தங்காது. எனக்கு எப்போதும் நாள் முன்பின்னாகத்தான் வரும், ஆகையால் தப்பியதை நானும் பெரிதாக நினைக்கவில்லை. இப்போது நாத்தனார் கடற்கரை அமாவாசையிலிருந்து மாதம் எண்ணினாள். திருத்த வேண்டுமென்றால் நான் வாயைத் திறக்க வேண்டும். திறக்கவில்லை.

எட்டாம் மாதம் வளைகாப்பு என்று நாள் பார்த்து, சாலைக் கடையிலிருந்து கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருந்தார்கள். அதற்கு நாலு நாள் முன்னால் கரமனை வீட்டிலேயே பெண் குழந்தை பிறந்துவிட்டது. அம்மா இல்லாதவளுக்குப் பிரசவம் பார்க்க நாத்தனார்தான் வந்திருந்தாள். ஏழு மாதத்தில் பிறந்தாலும் பிழைக்கும், எட்டு மாதக் குழந்தை தங்காது என்பார்கள். தெருவே வாசலில் கூடி மூக்கைச் சிந்தியது. என் வீட்டுக்காரர் தூணைக் கட்டிக்கொண்டு அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை. அப்போதும் நான் சொல்லவில்லை.

நாத்தனார் குழந்தையைத் துணி பிரித்துப் பார்த்தாள். தலை நிறைய முடி. கையைத் தூக்கி நகத்தைத் தன் கட்டைவிரலால் தடவினாள். நன்றாக வளர்ந்த நகம். மடியில் வைத்து எடையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு விரலை மடக்கி எண்ணினாள். இன்னொரு தரம் எண்ணினாள். என்னைப் பார்த்தாள்.

சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் வாசற்படிக்குப் போய் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எட்டு மாசக் குழந்தையாக்கும். காத்து படப்படாது, வெளிச்சம் படப்படாது. தாயும் குழந்தையும் மூணு மாசம் இந்த உள்ளறையை விட்டு அசையப்படாது. ஜன்னலை அடைச்சு ஆணி அடிங்கோ."

"மூணு மாசமா அக்கா?" என்றார் என் வீட்டுக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"நாளுக்கு ஒரு மாசம்," என்றாள். அவருக்கு அது புரியவில்லை. அக்கா சொன்னால் சரிதான் என்று சுத்தியலைத் தேடிப் போனார்.

ஆணி அடிக்கும் சத்தத்தை நான் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். வேறென்ன செய்ய? அறை இருண்டதும் அவள் குழந்தையை என் பக்கத்தில் கிடத்தினாள். காதருகே குனிந்தாள்.

"சமுத்திரம் நன்னாயிருந்துதாடீ?"

"ரொம்ப நன்னாயிருந்தது அக்கா," என்றேன்.

அவள் வெளியே போய்க் கதவைச் சாத்தினாள்.